தோள் இறுக்கத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது: கோணமும் மில்லிமீட்டரும்

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துக் கிளினிக்குகளில் தோள்வலி என்று வந்து உட்காருகிறவர்களில் நாற்பதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள பெண்கள் நிறைய. "பின்னாடி கொக்கி மாட்ட முடியல டாக்டர்" என்பார்கள். இல்லாவிட்டால் "லோக்கல்ல மேல கம்பியைப் பிடிக்க முடியல". இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டதுமே ஃப்ரோசன் ஷோல்டர் (மூட்டின் உறை தடித்துச் சுருங்கித் தோள் இறுகும் நோய்) என்று எழுதிவிடத் தோன்றும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் ஸ்கேன்.

கிளினிக்கில் லீனியர் புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் தட்டையான ஸ்கேன் முனை) வைத்திருக்கும், வயிறும் கர்ப்பமும் பார்த்துப் பழகிய, தோளில் இன்னும் கை பழகாத மருத்துவர்களுக்கானது இது. பிசியோதெரபிஸ்டுகள் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளப் படிக்கலாம். புரோப்பைக் கையில் எடுக்கச் சட்டம் இடம் தராது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-இன் பிசிபிஎன்டிடி சட்டம் தோள் மட்டும் பார்க்கும் மெஷினையும் விட்டுவைக்கவில்லை. பதிவு செய்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். பாட்டிக்குப் படி இறங்க முடியவில்லை என்பதற்காக மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்காவில் நாலாவது மாடி ஏற முடியாது.

புரோப்புக்கு முன்னால் கை

ஃப்ரோசன் ஷோல்டரின் அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: நோயாளி தானாகத் தூக்கினாலும் தோள் வராது, நாம் பிடித்துத் தூக்கினாலும் வராது. ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் தசைநார்கள்) கிழிந்தவருக்குத் தானாகத் தூக்க வராது, ஆனால் நாம் தூக்கினால் வலியோடாவது மேலே போகும். இந்த வித்தியாசம் ஸ்கிரீனில் நிற்கும் படத்தில் தெரியாது. எனவே ஜெல் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். படுக்க வைப்பது தோள்பட்டை எலும்பு கூடவே நகர்ந்து ஏமாற்றாமல் இருக்க. எங்கே நிற்கிறதோ அந்தக் கோணத்தைக் கோனியோமீட்டரால் (மூட்டுக் கோணம் அளக்கும் கருவி) அளந்து எழுதுங்கள். மறு கையிலும் அதையே செய்யுங்கள். நல்ல பக்கம் 70, வலிக்கிற பக்கம் 20 என்றால் பாதி வேலை முடிந்தது.

"முழங்கையை விலாவை விட்டு எடுக்காதீங்கக்கா, நான் திருப்புறேன், நீங்க சும்மா விடுங்க" என்று சொல்லிச் செய்தால் தசையை விறைக்காமல் விடுவார்கள். விறைத்த தோளும் இறுகிய தோளும் முதல் திருப்பலில் ஒரே மாதிரிதான் இருக்கும். மெதுவாகத் திருப்பும்போது, கடைசியில் கயிறு இழுத்து நிறுத்தினாற்போல் ஒரு கட்டான தடை கைக்குத் தெரிய வேண்டும்.

இந்த எண்ணை எழுதிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பின்னால் வரும் மில்லிமீட்டர் அளவுகள் எல்லாமே கையின் கோணத்தோடு மாறுபவை. நல்ல தோளை 60 டிகிரி திருப்பி லிகமென்ட் (எலும்போடு எலும்பைக் கட்டும் நார்) அளந்து, இறுகிய தோளை 15 டிகிரியில் அளந்து, "வலது 3.1, இடது 1.4" என்று எழுதினால், வித்தியாசத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு கோணம் என்று யாராலும் பிரிக்க முடியாது. இழுத்துப் பிடித்த லிகமென்ட் மெலிந்து தெரியும், தளர்ந்து கிடப்பது தடித்துத் தெரியும். ஆகவே கெட்ட பக்கத்தை முதலில் பாருங்கள். அது எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் நல்ல பக்கத்தையும் நிறுத்தி அளவெடுங்கள். தோள் ஸ்கேனில் அதிகம் மீறப்படும் விதி இதுதான். நல்ல தோள் தாராளமாகத் திரும்புவதால் நம் கை தானாகவே அதை முழுக்கத் திருப்பிவிடுகிறது.

மெஷின்

லீனியர் புரோப், 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. மெஷினில் எம்.எஸ்.கே. (தசை, எலும்பு) ப்ரீசெட் இல்லையென்றால் தைராய்டு ப்ரீசெட்டில் ஆரம்பித்துத் திருத்திக்கொள்ளலாம். ஆழம் 3 முதல் 4 செ.மீ.; அக்குளுக்கும் முதுகுப் பக்கத்துக்கும் 4 முதல் 5, பருத்த உடம்பென்றால் அதற்கும் மேல். ஃபோகஸ் லிகமென்ட் இருக்கும் மட்டத்தில். பவர் டாப்ளருக்கு (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறை) பி.ஆர்.எஃப். (நொடிக்கு எத்தனை ஒலித்துடிப்பு என்ற எண்) 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, வால் ஃபில்டர் (மெதுவான அசைவை வடிகட்டும் அமைப்பு) குறைவாக. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றிக்கொண்டே போய், எலும்புக்குக் கீழே, ரத்தமே ஓட வழியில்லாத இடத்தில் புள்ளிகள் சிதறத் தொடங்கியதும் ஒரு படி இறக்கி நிறுத்துங்கள்.

நோயாளியைச் சுழல் ஸ்டூலில் உட்கார வைத்தால் நாலு பக்கமும் பார்க்க வசதி. ரவிக்கையைத் தலைவழியாகவோ கைவழியாகவோ கழற்றச் சொல்வது இவர்களுக்குச் சித்திரவதை. முன்பக்கம் திறக்கும் கவுனும் கூட ஒரு பெண் உதவியாளரும் இருக்கட்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில், மாட்டும்போது வலிக்கிற கையை முதலில்.

முன்பக்கம்

மேற்கையின் முன்தசையான பைசெப்ஸின் டெண்டனில் (தசைநாரில்) தொடங்குங்கள். கை தொடைமேல், உள்ளங்கை மேலே பார்க்க. புரோப்பைக் குறுக்காக வைத்தால் எலும்பின் பள்ளத்துக்குள் வட்டமாக டெண்டன் தெரியும். சுற்றிக் கருப்பாகத் திரவம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து டெண்டன் அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். பைசெப்ஸின் உறை மூட்டோடு நேரடித் தொடர்பு உள்ளது. கேப்சூல் (மூட்டைச் சூழ்ந்த உறை) சுருங்கி உள்ளே இடம் குறைந்தால் மூட்டுத் திரவம் வழிந்து இங்கேதான் வந்து நிற்கும். டாப்ளர் போட்டால் டெண்டனுக்கு வெளிப்பக்கம் துடிக்கிற ஒரு புள்ளி அநேகமாக எல்லாருக்கும் தெரியும். அது முன் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியின் கிளை, நோய் அல்ல.

அடுத்து சப்ஸ்கேபுலாரிஸ், கஃப்பின் முன்பக்கத் தசை. புரோப்பை அதே மட்டத்தில் உள்நோக்கி நகர்த்தி, முன்கையை வெளியே திருப்பச் சொல்லுங்கள். நல்ல தோளில் கோரகாய்டு (தோள்பட்டை எலும்பின் முன் கொக்கி) நிழலுக்கு அடியிலிருந்து டெண்டன் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இறுகிய தோளில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். நோயாளி முகத்தையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பாருங்கள்: வலியால் நிறுத்துகிறாரா, வலி வரும் முன்பே கட்டி நிற்கிறதா?

இப்போது முக்கியமான இடம், கோரகாய்டை மேற்கை எலும்போடு கட்டும் கோரகோஹியூமரல் லிகமென்ட். கையை உடம்போடு ஒட்டி, முடிந்த மட்டும் வெளியே திருப்பி வையுங்கள். புரோப்பின் உள்முனை கோரகாய்டு மேல், வெளிமுனை பெரிய டியூபர்கிளை (மேற்கை எலும்புத் தலையின் வெளிப்புற முண்டு) பார்க்க, சற்றே சாய்வாக. கோரகாய்டு வெள்ளையாக வளைந்த கோடாகவும் அதன் கீழ் நிழலாகவும் தெரியும். அந்தக் கோட்டின் வெளி ஓரத்திலிருந்து கிளம்பி, ரொட்டேட்டர் இன்டர்வலின் (இதைக் கீழே பார்ப்போம்) கூரையாக ஓடும் மெல்லிய பட்டைதான் தேடுவது. புரோப் இரண்டு டிகிரி சாய்ந்தாலும் பட்டை கருத்து மறைந்துவிடும். மெல்ல ஆட்டி, அது மிகப் பளிச்சென்று தெரியும் நிலையில் உறையவிட்டு, இழைகளுக்குச் செங்குத்தாக அளவெடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி போடுங்கள். சாய்வாக வெட்டி அளந்தால் 2 மி.மீ. பட்டை 3 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விடும் இடம் இது அல்ல, தீர்ப்பே அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

வலியில்லாத தோளில் இது பொதுவாக 1 முதல் 2 மி.மீ. வரை. ஃப்ரோசன் ஷோல்டரில் 3 மி.மீ.யை ஒட்டியோ மேலேயோ போகும். 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். அதே கோணத்தில் மறுபக்கத்தை அளந்து, வித்தியாசம் தெளிவாக இருந்தால் எழுதுங்கள். இங்கே சர்க்கரைக்காரர்கள் ஒரு சிக்கல் செய்வார்கள். அவர்களுக்கு இரண்டு தோளும் பாதிக்கப்படுவது சாதாரணம். "நல்ல" தோள் ஒரு வருஷம் முன்னால் இறுகித் தளர்ந்ததாக இருக்கலாம், அல்லது இனிமேல் இறுகப் போவதாக இருக்கலாம். 3.2, 2.9 என்று இரு பக்கமும் தடித்திருந்தால் வித்தியாசம் இல்லை, நார்மல் என்று எழுதுவது தப்பு. "இந்தக் கை முன்னாடி எப்பவாவது இப்படி ஆச்சா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

லிகமென்ட்டுக்குக் கீழே, சப்ஸ்கேபுலாரிஸுக்கும் கஃப்பின் மேல்பக்கத் தசையான சுப்ராஸ்பைனேட்டஸுக்கும் நடுவில், பைசெப்ஸைச் சுற்றி இருக்கும் முக்கோண இடம்தான் ரொட்டேட்டர் இன்டர்வல். பைசெப்ஸைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் அது பள்ளத்தை விட்டு மூட்டுக்குள் போகும் இடத்தில் இது வரும். வழக்கமாக இதற்குக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வார்கள். இவர்களால் அது முடியாது, வற்புறுத்தவும் கூடாது. பின்பாக்கெட்டில் கை வைப்பது போல எவ்வளவு போகுமோ அவ்வளவு போதும். அதுவும் இல்லையென்றால் கட்டில் ஓரத்தில் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் தோள் தானாகச் சற்றுப் பின்னால் போய் இடம் திறக்கும். நார்மலில் இங்கே மெல்லிய பளிச்சென்ற திசு. நோயில் அந்த இடம் கருமையான, கலங்கலான திசுவால் நிரம்பி, பைசெப்ஸின் விளிம்பே மங்கும்.

டாப்ளரை இங்கேதான் போட வேண்டும். ஜெல்லைத் தாராளமாகக் கொட்டி, புரோப்பை அதன் மேல் மிதக்கவிடுங்கள். அழுத்தினால் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கி, இருந்த சிவப்பும் காணாமல் போகும். டாப்ளரில் ஒன்றும் இல்லை என்று வரும் ரிப்போர்ட்டுகளில் பல, கையின் கனத்தால் வந்தவை. ரத்த ஓட்டம் தெரிந்தால் ஆரம்பக் கட்டம், வலி அதிகமுள்ள கட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை. இறுகி உட்கார்ந்துவிட்ட தோளில் பெரும்பாலும் தெரியாது.

மேலே: அசைத்துப் பார்ப்பது

சுப்ராஸ்பைனேட்டஸை இரு தளத்திலும் பார்த்துக் கிழிசல், கால்சியம், பர்சாவில் (தசைநாருக்கு மேலுள்ள மெல்லிய பை) திரவம் உண்டா என்று முடித்துக்கொள்ளுங்கள். இது வழக்கமான வேலை, நீட்டத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த வயதில் சின்ன, முழு ஆழம் போகாத கிழிசல் வெகு சாதாரணம். அதைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்தினால், இறுக்கத்தை விட்டுவிட்டு டெண்டனுக்கு வைத்தியம் நடக்கும்.

பிறகு புரோப்பின் உள்முனையை அக்ரோமியன் (தோளின் உச்சி எலும்பு) ஓரத்தில் வைத்து, உதவியாளரைத் தோள்பட்டை எலும்பை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். நார்மலில் டெண்டனும் டியூபர்கிளும் அக்ரோமியனுக்கு அடியில் புகுந்து மறையும். ஃப்ரோசன் ஷோல்டரில் அது புகாமல் வாசலிலேயே நிற்கும். மேலும் தூக்கினால் தோள்பட்டை மொத்தமும் ஏறும், புரோப்பும் கூடவே ஏறும், ஸ்கிரீனில் எதுவுமே நகர்ந்திருக்காது. இம்பிஞ்மென்ட்டில் (டெண்டன் அக்ரோமியனுக்கு அடியில் நெருக்கப்படும் நோய்) டெண்டன் நகரும், ஆனால் பர்சா ஓரத்தில் மடிந்து குவியும். வீடியோவாக சேமியுங்கள், நிற்கும் படத்தில் இது விளங்காது.

பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

அரை நிமிஷ வேலை என்று பலர் தவிர்க்கும் இடம் இது. ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு) முள்ளுக்குக் கீழே புரோப்பைக் குறுக்காக வைத்து ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) தலையையும் கிளெனாய்டு (அந்தத் தலை அமரும் குழி) விளிம்பையும் ஒரே படத்தில் கொண்டுவாருங்கள். மூட்டில் திரவம் இருந்தால் கையை வெளியே திருப்பும்போது இங்கே தெரியும். அதைவிட முக்கியம், ஹியூமரஸ் தலை விளிம்புக்குப் பின்னால் தள்ளி நிற்கிறதா என்பது. வலிப்பு வந்தவர், கரண்ட் ஷாக் அடித்தவர், இவர்களுக்குத் தோள் பின்பக்கம் நழுவி அங்கேயே பூட்டிக்கொள்ளும். கை உள்நோக்கித் திரும்பி நிற்கும், வெளியே ஒரு டிகிரிகூடத் திரும்பாது. நேர் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது. ஃப்ரோசன் ஷோல்டர் என்று நினைத்து மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கப்படுகிற நோய் இது. மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் புரோப் வைத்த நொடியில் தெரியும்.

அக்குள்

கடைசியாக இது, ஏனென்றால் வலிக்கும். ரவிக்கை தைப்பவர் அக்குளில் கொஞ்சம் துணி தளர்த்தி விடுகிறாரே, கை மேலே போக அதுதான் இடம் கொடுக்கிறது. கேப்சூலின் கீழ்மடிப்பும் அதே வேலைதான் செய்கிறது. ஃப்ரோசன் ஷோல்டரில் இந்த மடிப்பு தடித்துச் சுருங்குகிறது.

மல்லாக்கப் படுக்க வைத்து, கையை வலியில்லாமல் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்து, தலையணையால் முட்டுக் கொடுங்கள். நல்ல தோள் 90 வரை விரியும், இவர்கள் 40, 50-இல் நிற்பார்கள். புரோப்பை ஹியூமரஸின் நீளத்துக்கு இணையாக அக்குள் நடுவில் வையுங்கள். எலும்பின் தலை உருண்டையாகவும் அதிலிருந்து கழுத்துக்கு இறங்கும் சரிவும் தெரியும். அந்தச் சரிவின் மேல் ஒட்டிக் கிடக்கும் பட்டைதான் கேப்சூல். மிகத் தடித்த இடத்தில், எலும்புக் கோட்டுக்குச் செங்குத்தாக அளவெடுங்கள். சுமார் 2 மி.மீ. வரை சாதாரணம், 4 மி.மீ. வந்தால் நோய்க்குச் சாட்சி.

ஏமாற்றுவது எது? கை கொஞ்சமே விரிந்திருந்தால் கேப்சூல் இரண்டு மடிப்பாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றென அளந்தால் நார்மல் தோளும் 4 காட்டும். நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா என்று உற்றுப் பாருங்கள். இருந்தால் எலும்போடு ஒட்டிய அடுக்கை மட்டும் அளந்து, அப்படி அளந்ததாகவே எழுதுங்கள். அப்புறம் அதே பழைய விதி: இது 45 டிகிரியில் என்றால் மறுபக்கமும் 45-இல்தான். அக்குளில் நெறிக்கட்டி பெரிதாகத் தெரிந்தால் நம் வேலை தோள்தானே என்று தாண்டிப் போகாமல் அதையும் குறியுங்கள்.

எக்ஸ்ரே இல்லாமல் முடிக்க வேண்டாம்

ஸ்கேன் எலும்பின் மேல்தோலை மட்டுமே பார்க்கும். தேய்மானம், எலும்புக்குள் கட்டி, நுரையீரல் உச்சியில் கட்டி எல்லாவற்றுக்கும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். மும்பையில் இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும்: தோளில் டி.பி. இதில் உலர்ந்த வகை ஒன்று உண்டு. சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது. தோள் மெல்ல இறுகும், தோளை மூடும் டெல்டாய்டு தசை வற்றும், சர்க்கரைக்காரருக்கு வந்தால் எல்லாரும் ஃப்ரோசன் ஷோல்டர் என்றே நினைப்பார்கள். ஸ்கேனில் ஹியூமரஸ் தலையின் கோடு அரித்தாற்போல் குழி குழியாக இருந்தால், தசை மறுபக்கத்தைவிட வெகுவாக மெலிந்திருந்தால், சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்திருந்தால், ஸ்டீராய்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டு எம்.ஆர்.ஐ.க்கும் அடுத்த கட்டச் சோதனைக்கும் அனுப்புங்கள். டி.பி. உள்ள மூட்டில் ஸ்டீராய்டு போடுவது நெருப்பை மூடி வைப்பது மாதிரி அல்ல, ஊதி விடுவதுதான்.

சர்க்கரை இருக்கிறதா என்றே தெரியாமல் வருபவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எழுதுங்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ரிப்போர்ட்

படித்ததும் எலும்பு மருத்துவருக்கு முடிவெடுக்க உதவ வேண்டும். முதல் வரியில் கையால் திருப்பிய கோணம், இரு பக்கமும். அடுத்து லிகமென்ட் தடிமன், அளந்த கோணத்தோடு. அக்குள் கேப்சூல், அதுவும் கோணத்தோடு. டாப்ளர், அசைவில் கண்டது, கஃப் நிலை, பின்பக்க நிலை. முடிவாக, "நோயாளியின் அசைவுக் குறைவோடு சேர்த்துப் பார்க்கையில் ஃப்ரோசன் ஷோல்டருக்கு ஒத்துப்போகிறது" என்ற அளவில் நிறுத்தலாம். கை இறுகியிருக்கிறது, ஸ்கேனில் எல்லாமே சாதாரணம் என்று வந்தாலும் அது வெற்று ரிப்போர்ட் ஆகாது. கிழிசல் இல்லை, கால்சியம் இல்லை, நழுவல் இல்லை, எனவே கைச்சோதனை சொல்லும் ஃப்ரோசன் ஷோல்டரை இது மறுக்கவில்லை என்று எழுத வேண்டும். "நார்மல் ஸ்டடி" என்று இரண்டு வார்த்தையில் முடித்தால், உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசு என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள் அந்த அக்காவிடம்.

ஊசி போடுவது என்று முடிவானால் அதே அமர்வில் பின்பக்கம் வழியாகச் செய்யலாம்: 22 கேஜ் ஸ்பைனல் ஊசி, வெளியிலிருந்து உள்நோக்கி, புரோப்பின் தளத்திலேயே, ஹியூமரஸ் தலைக்கும் லாப்ரம் (கிளெனாய்டைச் சுற்றிய குருத்து வளையம்) விளிம்புக்கும் இடையில். வழக்கமான அளவு 40 மி.கி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. திரவம் ஊசி முனையில் ஒரே இடத்தில் குவிந்து உப்பினால் இன்னும் தசையில்தான் இருக்கிறது. தடையில்லாமல் போய் மறைந்தால் மூட்டுக்குள். அடுத்த சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லி, வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஏற்கனவே கட்டுக்கடங்காத சர்க்கரை என்றால் அதை இறக்கிவிட்டு ஊசி.

ஆறு வாரம் கழித்து வரும்போது மறுபடி ஸ்கேன் வேண்டுமா என்று கேட்பார்கள். கோனியோமீட்டர் போதும். 20 இருந்த இடத்தில் 40 வந்திருந்தால் தோள் தளர்கிறது. லிகமென்ட் இன்னும் 2.8 காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு அவரிடம் காசு வாங்க வேண்டியதில்லை. கோணம் குறைந்திருந்தாலோ, ராத்திரி வலி புதிதாகக் கூடியிருந்தாலோ புரோப்பை எடுங்கள். அப்போது எக்ஸ்ரேயும் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.